வளையல் போடவில்லை மதினி, குழாய் அளந்தேன்

சிஞ்ச்வட், புனே.
ஆனி மாதக் கடைசி, திங்கட்கிழமை, மழை கொஞ்சம் விட்ட நேரம்.

பாளையங்கோட்டையில் இருக்கும் மரியாதைக்குரிய மதினி தர்மாம்பாள் அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி தமிழரசி கும்பிட்டு எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் பிள்ளை சஹானாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்கால் வலி தேவலையா, அண்ணாச்சி மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்காமல் முழுங்குகிறார்களா, கீழ வீட்டுக்காரர்கள் குப்பையை இன்னும் நம் வாசலுக்குத்தான் தள்ளுகிறார்களா என்று அறிய ஆசைப்படுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் பண்ணினால் நீங்கள் எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அண்ணாச்சி கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அண்ணாச்சிக்கு நான் சொல்வது கேட்பதில்லை, அவர்கள் சொல்வது எனக்குப் புரிவதில்லை, கடைசியில் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சஹானாவுக்குத் தமிழில் பேர் எழுதிக் காட்டினாலே பூக்கோலமா என்று கேட்பாள். ஆகையால் பயமில்லாமல் எல்லாவற்றையும் எழுதலாம்.

உங்கள் சித்தப்பா மகன், இங்கே ஔந்த்தில் பேங்கு வேலையில் இருக்கிற பத்மநாபன், உங்களுக்குப் போன் பண்ணி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, தமிழரசி மழையில் ஒரு மெக்கானிக் கடையில் நிற்கிறாள், அந்த ஆள் அவள் கையைப் பிடித்து வளையல் போட்டுவிடுகிறான், இவள் சிரிக்கிறாள் என்று சொன்னாராம். மதினி, அதில் மழை நிஜம். கடை நிஜம். கையைப் பிடித்ததும் நிஜம், சிரித்ததும் நிஜம். வளையல் போட்டுவிட்டான் என்பது மட்டும் பொய். அவன் கழற்றிக்கொண்டிருந்தான். ஏன் கழற்றினான் என்று சொல்லவேண்டுமானால் குழாயைப் பற்றிச் சொல்லவேண்டும், குழாயைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்காருங்கள்.

உங்கள் தம்பி வாங்கிப்போட்ட அந்த நீலக் கார் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரஞ்சன்காவ் பேக்டரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருவார், ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். கால் மட்டும் வெளியே தெரியும். டீயைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். "வண்டிக்கு மூச்சு பத்தலைட்டி. நாலு பேரு ஏறினா ஏத்தத்துல திணறுது. டர்போ போடப்போறேன்" என்று ஒரு நாள் சொன்னார். டர்போ என்றால் பெரிய காரியம் ஒன்றுமில்லை மதினி. வண்டியின் புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றும், அது சுற்றினால் அந்தப் பக்கம் இன்னொரு விசிறி காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் அனுப்பும். அமுக்கின காற்று சுடும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு அடியில் சுடுமே, அது மாதிரி. அதை ஆற்றுவதற்கு வண்டியின் மூக்குக்குப் பின்னால் வலை மாதிரி ஒரு பெட்டி, அதற்கு இன்டர்கூலர் என்று பேர். டர்போவிலிருந்து பெட்டிக்கு ஒரு குழாய், பெட்டியிலிருந்து இஞ்சினுக்கு ஒரு குழாய். அவ்வளவுதான்.

டர்போவை வைத்துவிட்டார். பெட்டியை வைத்துவிட்டார். குழாய் எத்தனை அங்குலம் என்பதில் வந்து நின்றுவிட்டார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் அதே யோசனைதான். "பெருசாப் போட்டா காத்து தாராளமாப் போவும், ஆனா குழாய் நிரம்பவே நேரம் ஆவும். மிதிச்சா உடனே வண்டி எந்திரிக்காது, சோம்பல் முறிச்சுட்டுத்தான் எந்திரிக்கும். சிறுசாப் போட்டா சடக்குனு எந்திரிக்கும், ஆனா வேகம் கூடக்கூட மூச்சு முட்டும். நீ என்ன சொல்லுத?" என்பார். "ரசத்தை ஊத்திக்கிடுங்க" என்பேன். நான் அதற்கு மேல் என்ன கண்டேன். அப்படி முடிவாகாமலே இருந்தபோதுதான் போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே என்னைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அவர் விரித்துப் படுக்கிற அட்டை இன்னும் காருக்கு அடியில்தான் கிடக்கிறது. அவர் முதுகு இருந்த இடம் மட்டும் எண்ணெய் படாமல் வெள்ளையாக இருக்கும். கூட்டுகிறவளைத் தொடவிடவில்லை. அதைப் பற்றி அவ்வளவுதான், மேலே எழுதினால் தாள் நனைந்துவிடும்.

இப்போது எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி செக்ரட்டரி காளே சாரைச் சொல்லவேண்டும். நல்ல மனுஷன்தான், ஆனால் அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஓடாத வண்டிகள் பார்க்கிங்கில் நிற்கக்கூடாது என்று ஒட்டிவிட்டார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி தன் இஞ்சினிலேயே கேட்டைத் தாண்டிப் போய் வரவேண்டும். தள்ளக்கூடாது, கட்டி இழுக்கக்கூடாது. தாண்டாவிட்டால் பழைய இரும்பு எடுக்கிற பங்கார்க்காரனுக்குப் போன் பண்ணிவிடுவார்கள். "வஹினி, எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் ரூல் ரூல்தான்" என்று ஹிந்தியில் சொன்னார். வஹினி என்றால் இங்கத்து மதினி. சஹானா என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, நீ டென்ஷன் எடுக்காதே. டர்போ, பெட்டி எல்லாம் நிகாலிட்டு பழைய மாதிரி பண்ணிடலாம் நா." நிகாலுவது என்றால் கழற்றுவது மதினி, இவள் தமிழ் இப்படித்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சேர்த்ததைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. இந்த ஒரு வருஷத்தில் ஏற்கெனவே நிறையக் கழற்றியாயிற்று.

அப்படியானால் குழாய் போடவேண்டும். போடவேண்டுமானால் அளவு சொல்லவேண்டும். யார் சொல்லுவது? ஊரே சொன்னது மதினி. உங்கள் தம்பியோடு வேலை பார்த்த விஸ்வேஸ்வரன் அண்ணன் முதலில் வந்தார். "தங்கச்சி, காத்துக்கு எதுக்கும்மா கஞ்சத்தனம்? மூணு இஞ்சு போடு. லாரிக்கெல்லாம் அதான்" என்றார். "இது லாரி இல்லையே அண்ணே" என்றேன். "நாளைக்கே ஒரு லாரி வாங்கினா இதைக் கழட்டி அதுல மாட்டிக்கலாம்ல?" என்றார். நாலாவது மாடியில் ஹரிபிரசாத் என்று ஒரு தமிழ்ப் பையன், இஞ்சினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிறவர், லேப்டாப்போடு இறங்கி வந்தார். கார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தட்டினார் தட்டினார், மத்தியானம் வரைக்கும் தட்டினார். "ஆன்ட்டி, ரெண்டு புள்ளி பூஜ்யம் மூணு இஞ்சு" என்றார். "அந்தப் பூஜ்யம் மூணை எந்தக் கடையில சார் விக்கிறான்?" என்றார் விஸ்வேஸ்வரன் அண்ணன். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் தினமும் வந்து காருக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்று என்னிடம் பேசுவார்கள். எனக்குக் கழுத்து வலி.

சஹானா சண்டையைத் தீர்க்கிறேன் என்று சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் "குழாய் ரெண்டு இஞ்சா, மூணு இஞ்சா?" என்று ஓட்டெடுப்பு வைத்துவிட்டாள். மூன்று இஞ்சு அமோகமாக ஜெயித்தது. விஸ்வேஸ்வரன் அண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். சாயங்காலம் மூன்றாவது மாடிக்காரி ஒரு தட்டு நிறையப் பூரண்போளி கொண்டுவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷமாக எங்கள் பாத்ரூமில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, கேட்க ஆளில்லை, நீங்கள்தான் தைரியமாகக் குழாயை மாற்றச் சொல்லிக் கிளப்பினீர்கள்" என்று கண் கலங்கினாள். சொசைட்டி மொத்தமும் மாடித் தொட்டிக் குழாய் என்று நினைத்துத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறது. நான் தட்டை வாங்கிக்கொண்டேன். பூரண்போளி நன்றாக இருந்தது.

ஜெயித்த தெம்பில் விஸ்வேஸ்வரன் அண்ணன் ஒரு மூன்று இஞ்சுக் குழாயை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். ஆட்டோவுக்குள்ளே அண்ணனும் குழாயும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். காருக்குள்ளே அது நுழையவில்லை. இந்தப் பக்கம் விட்டால் பேட்டரி இடிக்கிறது, அந்தப் பக்கம் விட்டால் விளக்கு இடிக்கிறது. "முன்பக்கத்தை லேசா வெட்டிருவோம்" என்றார். "குழாய்க்காக வண்டியை வெட்டவா?" என்றேன். யோசித்துப் பார்க்கிறேன் என்று கோபமாகப் போய்விட்டார். இதுதான் சமயமென்று ஹரிபிரசாத் வீட்டுக்குத் தண்ணீர் வருகிற பிளாஸ்டிக் குழாயில் இரண்டு இஞ்சு வாங்கி வந்து, "சும்மா டெஸ்டுக்குத்தான் ஆன்ட்டி" என்று மாட்டி வண்டியைக் கிளப்பினார்.

மதினி, கிளம்பியது. அவர் போனதற்கு அப்புறம் முதல் தடவையாக அந்தச் சத்தம் கேட்டேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பால் ஒன்றும் வைக்கவில்லை. முகம் கழுவிவிட்டு நான் இறங்கி வருவதற்குள் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் குழாய் இளகி, நடுவில் உப்பி, மலைப்பாம்பு ஆட்டுக்குட்டியை முழுங்கின மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே நாற்றம். காளே சார் மேலே ஜன்னலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு நாள்காட்டியைக் காட்டினார்.

அப்போதுதான் இஸ்மாயிலிடம் போனேன். ஸ்டேஷன் ரோட்டில் சைலன்சர் வளைக்கிற கடை வைத்திருக்கிறான். அவன் வாப்பா நம் மேலப்பாளையத்துக்காரர், இவன் இங்கேயே பிறந்தவன். உங்கள் தம்பி என்றால் அவனுக்கு உயிர். கடையில் வேலை தலைக்கு மேலே, என்னோடு வர முடியாது என்றுவிட்டான். "அக்கா, எல்லாரும் குழாயைப் பத்தியே பேசுதாங்க. மாட்டுற வாய் எவ்வளவுன்னு பாத்தாங்களா? டர்போ வாய் எவ்வளவு, பெட்டி வாய் எவ்வளவு, இஞ்சின் வாய் எவ்வளவு, அதை அளந்து கொண்டாங்க. வாய்க்குத் தக்கன வளைச்சுருவோம். ஒரு தடவ வளைச்சுட்டேன்னா நிமித்த முடியாது, பாத்துக்கிடுங்க" என்றான்.

அளப்பதற்கு உங்கள் தம்பி வைத்திருந்த கருவியை விஸ்வேஸ்வரன் அண்ணன் வாங்கிப்போய்த் தன் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளுக்கு அளவெடுத்ததில் தொலைத்துவிட்டார். தையல் டேப்பை வைத்து ஹரிபிரசாத் வாயின் உள்பக்கம் அளந்தார், அண்ணன் வெளிப்பக்கம் அளந்தார், இரண்டு கணக்கு வந்தது, இரண்டும் சரி என்றார்கள். நான் இரண்டு பேரையும் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு நின்று பார்த்தேன். வட்டமாக இருக்கிற ஒன்றின் மேலே இன்னொன்று வழுக்கிக்கொண்டு போய் உட்காரவேண்டும். அதற்குப் பெண்பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது? வளையல் இருக்கிறது.

பதினாறாம் நாள் நீங்களே உங்கள் கையால் கழற்றி அழுதுகொண்டே டப்பாவில் போட்டீர்களே, அதே கவரிங் வளையல்கள்தான். உங்கள் தம்பி நான் தடிக்கத் தடிக்க வாங்கிக்கொடுத்தது. கல்யாணத்துக்கு ரெண்டு நாலு சைஸ், சஹானா பிறந்த பிற்பாடு ரெண்டு ஆறு, இங்கே வந்து வடாபாவ் பழகின பிற்பாடு ரெண்டு எட்டு. டப்பாவோடு கீழே போய், பானெட்டைத் தூக்கி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். இஞ்சின் வாய்க்கு ரெண்டு எட்டு, ஆசாரி செய்து கொடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. பெட்டி வாய்க்கு ரெண்டு ஆறே கொஞ்சம் லூசு. டர்போ வாயில் என் கல்யாண வளையலே கலகலவென்று ஆடியது, அப்படியானால் அதைவிடச் சிறிசு. அந்த நேரம் பார்த்துக் காளே சார் சம்சாரம் கறிவேப்பிலைப் பையோடு வந்து நின்றாள். இஞ்சினுக்கு நான் வளையல் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்கள் ஊரில் வண்டிக்கும் வளைகாப்பு உண்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்ல எனக்கு ஹிந்தி போதாது. அவள் கும்பிட்டுவிட்டு, டர்போ மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மழை கொட்டுகிறது. ஒரு கையில் குடை, ஒரு கையில் குழாயை வாயோடு சேர்க்கிற ரப்பர் ஹோஸும் இறுக்குகிற பட்டையும் வைத்த பை, ஷேர் ஆட்டோவில் இடி. வளையல் எங்கேயாவது விழுந்துவிடப்போகிறதே என்று பெரிய இரண்டையும் கையில் மாட்டிக்கொண்டேன். மதினி சத்தியமாக அளவுக்காகத்தான். இந்த வருஷம் கை மெலிந்துவிட்டதால் சுலபமாக ஏறிவிட்டது. ஆனால் பையைத் தூக்கித் தூக்கிக் கை வீங்கி, கடைக்குப் போனதும் ரெண்டு எட்டு வந்தது, ரெண்டு ஆறு வரவில்லை. "ரெண்டு எட்டுன்னா ரெண்டரை இஞ்சு அக்கா. எங்க வீட்டம்மாவுக்கும் அதான் சைஸ்" என்று இஸ்மாயில் வாங்கிக்கொண்டான். "பெட்டி வாய் வளையல் எங்க?"

"இந்தா, கையில கெடக்கு."

"கழட்டிக் குடுங்க."

"வரமாட்டேங்குது, தம்பி."

அவன் கிரீஸ் கழுவுகிற சோப்பை என் கை முழுக்கத் தேய்த்து இழுத்தான். நான் "ஐயோ, யம்மா" என்று கத்தினேன். பெஞ்சில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். வளையல் வரவில்லை, நான் நாற்காலியோடு வந்தேன். இரண்டு பேரும் சோப்பு நுரையோடு தரையில் உட்கார்ந்துவிட்டோம். மதினி, எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு வருஷச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைசியில் அவன் வளையலை விட்டுவிட்டு, என் கையையே குழாய்க்குப் பக்கத்தில் பிடித்துவைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்த்தான். எதிர்த்த வடாபாவ் கடையில் மழைக்கு ஒதுங்கி நின்ற உங்கள் பத்மநாபன் பார்த்தது இதைத்தான். ரோட்டைத் தாண்டி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரோட்டில் தண்ணீர், காலில் புது ஷூ. அதனால் போனை எடுத்துவிட்டார்.

ஆக முடிவு இது: டர்போவிலிருந்து பெட்டிக்கு இரண்டு இஞ்சு, பெட்டியிலிருந்து இஞ்சினுக்கு இரண்டரை இஞ்சு, நடுவில் பெட்டி வாய்க்கு வருகிற வித்தியாசத்தை ரப்பர் ஹோஸ் சரிக்கட்டிவிடும். ஹரிபிரசாத் பாதி தன் கணக்கு என்றார். விஸ்வேஸ்வரன் அண்ணன், இரண்டரையை இழுத்துப் பிடித்தால் மூன்றுதான் என்றார். இஸ்மாயில் வந்து மாட்டிவிட்டான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சொசைட்டியே பார்க்கிங்கில் நின்றது. பங்கார்க்காரனும் டெம்போவோடு வெளியே வந்து நின்றான், யார் சொன்னார்களோ. காளே சார் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகப் பட்டுக் குர்தாவும் ரோஸ் கலர் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு, போகிற வழியில் இதையும் பார்த்து முடித்துவிடலாம் என்று தன் காரை எங்கள் காருக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சஹானா ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். சாவியைத் திருப்பினாள், கிளம்பியது. நகர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கேட்டில் ஒரு மேடு இருக்கிறது, அதில் ஏறுவதற்கு இவள் கொஞ்சம் ஓங்கி மிதித்துவிட்டாள். "டப்" என்று ஒரு வெடிச் சத்தம். காளே சார் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். இஞ்சின் இருமி, நின்றுவிட்டது. முன் சக்கரம் ரோட்டில், பின் சக்கரம் சொசைட்டியில்.

பங்கார்க்காரன் கயிற்றை எடுத்தான். "தாண்டியாச்சு! இஞ்சின் வெளியதானே இருக்கு? ரூல் இஞ்சினுக்குத்தானே?" என்று விஸ்வேஸ்வரன் அண்ணன் கத்தினார். "பாரம் பாதிக்கு மேல உள்ள இருக்கு, டெக்னிக்கலா இன்னும் தாண்டலை" என்றார் ஹரிபிரசாத், எங்கள் பக்கத்து ஆள்! அண்ணன் அவர் லேப்டாப்பைப் பிடுங்கப் போனார். கமிட்டி ஆட்கள் ரூல் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்கள். இதற்குள் இஸ்மாயில் பானெட்டைத் திறந்து, ஹோஸ் கழன்று கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, மன்னிச்சுருங்க. சேலைக்குக் கரை இருக்குல்லா, அது மாதிரி குழாய் முனையில ஒரு மேடு எழுப்பணும், அப்பத்தான் ஹோஸ் வழுக்காது. அவசரத்துல மறந்துபோயிட்டேன்." இப்போது மேடு எழுப்ப நேரமில்லை, இரண்டு பட்டையாகப் போட்டு இறுக்கலாம், ஆனால் இறுக்கும்போது ஒருவர் ஹோஸை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்கவேண்டும். அண்ணனும் ஹரிபிரசாத்தும் லேப்டாப்பைப் பிடித்திருந்தார்கள்.

பின்னால் காளே சார் கார் அடைபட்டுக் கிடக்கிறது. முகூர்த்தம் நெருங்குகிறது. மண்டபத்திலிருந்து போன் மேலே போன் வருகிறது. அவர் சம்சாரம் மராட்டியில் ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை, அவருக்கு நன்றாகப் புரிந்தது. பட்டுக் குர்தாக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்து பானெட்டுக்குள் தலையை விட்டு ஹோஸைப் பிடித்தார். "சார், இன்னும் அமுக்குங்க, இன்னும்!" என்று இஸ்மாயில் அதட்டினான். செக்ரட்டரியை அப்படி அதட்டி நான் பார்த்ததில்லை. இறுக்கி முடித்தபோது அவர் மார்பில் கருப்பாக ஒரு கை அச்சு. முகூர்த்த அவசரத்தில் தன் காரையே மறந்துவிட்டார். "சலா, சலா, சீக்கிரம் போ!" என்று எங்கள் வண்டியிலேயே பின்னால் ஏறிவிட்டார், அவர் சம்சாரமும் ஏறிவிட்டாள்.

சஹானா சாவியைத் திருப்பினாள். மேட்டில் ஏறியது, இறங்கியது, கேட்டைத் தாண்டிவிட்டது மதினி. பங்கார்க்காரன் கயிற்றைச் சுருட்டினான். ஔந்த் போகிற மேம்பாலத்தில் ரோடு காலியாக இருந்தது. சஹானா மிதித்தாள். முன்னாலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் மெல்லக் கிளம்பி ஏறியது, சோம்பலும் முறிக்கவில்லை, மூச்சும் முட்டவில்லை, நாலு பேரோடு வண்டி அப்படியே எழுந்து போனது. உங்கள் தம்பி சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்டுக்கொண்டே இருந்தாரே, அதற்குப் பதில் அதுதான். அவர் மட்டும் இல்லை. பின்னால் காளே சார் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "ஹளூ, ஹளூ" என்றார், மெதுவாக என்று அர்த்தம். கொஞ்ச தூரம் போனதும் தலைப்பாகையிலிருந்து ஒரு கையை எடுத்தார். அதற்கப்புறம் சஹானா தோளைத் தட்டி, இன்னும் கொஞ்சம் மிதிக்கச் சொன்னார். மண்டபத்தில் எங்களைப் பந்தியில் உட்காரவைத்தார்கள். அந்தக் கை அச்சுக் குர்தாவோடு காளே சார் சம்பந்தி வீட்டாருக்கு, "குழாய் ரொம்பப் பெரிதாக இருந்தால் நிரம்ப நேரம் பிடிக்கும், அதனால்தான் நாங்கள் இரண்டரையோடு நிறுத்தினோம்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கார் ஓடுகிற வண்டி என்று இன்று காலையில் பலகையில் ஒட்டியும் விட்டார்.

நடந்தது இவ்வளவுதான் மதினி. உங்கள் மனசில் இருந்த சங்கடம் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த வளையலை எண்ணெய் போட்டுக் கழற்றி டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். இஸ்மாயில் கடைப் பக்கம் இனித் தலைவைத்துப் படுக்கமாட்டேன். காரியத்துக்கு வந்தபோது அண்ணாச்சி சொன்னபடி காரை நல்ல ஆளாகப் பார்த்து விற்றுவிடுகிறேன், அதுவரைக்கும் கவர் போட்டு மூடி வைத்திருப்பேன். ஆடி முதல் வாரம் தலைத் திதிக்கு அங்கே வர ரயிலில் இடம் கிடைக்கவில்லை. நான் இங்கேயே ஒரு ஐயரைப் பார்த்து முடித்துக்கொள்கிறேன், நீங்கள் அங்கே அண்ணாச்சியை வைத்து ஆற்றில் செய்துவிடுங்கள். பத்மநாபனோடு இனி எனக்குப் பேச்சு இல்லை. புருஷன் போன வீட்டில் எப்படி அடக்கமாக இருக்கவேண்டுமோ அப்படி இருக்கிறேன்.

அண்ணாச்சிக்கு என் வணக்கம். கீழ வீட்டுக்காரர்களை விசாரித்ததாகச் சொல்லவேண்டாம். முழங்காலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி,
தமிழரசி.

பி.கு.: மதினி, இதைத் தபாலில் போடவில்லை, சஹானா போட்டோ எடுத்து அண்ணாச்சி போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் இஸ்மாயில் குழாய் முனைக்கு மேடு எழுப்ப வந்தான். அவன் மாமா மகள் கல்யாணம் மேலப்பாளையத்திலாம், அவனுக்கும் அவன் சம்சாரத்துக்கும் ரயிலில் இடம் கிடைக்கவில்லையாம். சஹானா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இப்போது கோலாப்பூர் தாண்டி ஒரு தாபாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உண்மையைக் கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டும் என்று உங்கள் பத்மநாபனும் லீவு போட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டார், புது ஷூவைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறார், வண்டி வேகம் எடுக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார். திதிக்கு முன்னால் வந்துவிடுவோம், ஐந்து பேருக்கு உலை வையுங்கள், இஸ்மாயில் வீட்டுக்குப் பிற்பாடு போய்க்கொள்வான். என் கையில் என்ன கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்பதையெல்லாம் நேரில் பேசிக்கிடலாம். வண்டியை விற்கவில்லை. வாசலில் நிற்கிற ஸ்கூட்டரை மட்டும் ஓரமாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சஹானாவுக்கு முன்னால் ஓட்டுவதுதான் வரும், பின்னால் எடுக்க வராது. தெருவுக்குள் நுழைந்து எப்படியும் வீட்டு முன்னால் நிறுத்திவிடுவாள். திருப்புவதைப் பற்றி நாங்கள் இன்னும் யோசிக்கவில்லை.